றங்குப் பெட்டிக்குள் உயிர் உரம்

எங்கள் ஆய்வுகூடத்துக்கு மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கதவும் இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய உரச்சாக்கு தொங்கியது. அதில் யூரியா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. யூரியாவே வராத ஊரில் அதன் சாக்கு மட்டும் காற்றில் ஆடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். கழற்றி எறியுங்கோ என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கழற்றினால் தூசு வரும், தூசு வந்தால் கிருமி கெட்டுப்போகும் என்று சேர் விடவில்லை.

சேர் என்று நான் சொல்பவர் மண்ணில் வாழும் நுண்கிருமிகளைப் படித்தவர். யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவர், சனமெல்லாம் குடாநாட்டை விட்டு வெளிக்கிட்டபோது வள்ளத்தில் ஏறி வன்னிக்கு வந்தார். மற்றவர்கள் நகை, காணி உறுதி, தையல் மெசின் என்று கொண்டுவந்தார்கள். இவர் ஒரு சுடுதண்ணிப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள். அங்கே போய்ச் சேர வழி இருந்தும் போகாமல், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட ஒரு பழைய நெற்களஞ்சியத்தின் பின்பக்கத்தில் குடியிருந்தார்; அதுதான் எங்கள் ஆய்வுகூடமும்.

நான் விவசாயப் போதனாசிரியை. எங்கள் வயல் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே. கிளிநொச்சியை விட்டு நாங்களும் இடம்பெயர்ந்து வந்த பிறகு, எனக்குப் போதிக்க வயலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. விவசாய இலாகாக் கந்தோரில் என்னை என்ன செய்வதென்று தெரியாமல் சேருக்கு உதவியாளாக அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே அவர் ஒரு கச்சான் செடியை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கி, வேரிலிருந்த சின்ன முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது.

"இதுக்குள்ள இருக்கிறவைதான் பிள்ளை எங்கட யூரியாத் தொழிற்சாலை. காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சுச் செடிக்குக் குடுப்பினம். சிவப்பா இருந்தா வேலை நடக்குது. வெள்ளையா இருந்தா சும்மா குந்தியிருந்து திண்டுகொண்டிருக்கினம்."

"எங்கட கந்தோரைப் போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிருமியைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பகிடி பிடிக்காது.

கச்சான் வேர்களில் எல்லா இடத்திலும் இந்தக் கிருமி உண்டு. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி உழைப்பதில்லை. சேர் பல வருடங்களாக, எத்தனையோ தோட்டங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்து, மிகக் கெட்டியாக உழைக்கும் ஒன்றைத் தேடிப் பிரித்தெடுத்து வைத்திருந்தார். அதுதான் அந்தப் போத்தலுக்குள் வந்தது. அதை உமிக்கரியிலும் மக்கிய எருவிலும் வளர்த்து, விதையோடு பிரட்டி விதைத்தால், யூரியா இல்லாமலே கச்சான் காய்க்கும். யூரியாவில் வெடிகுண்டு செய்யலாம் என்று, சண்டைக்காலத்தில் எங்கள் பக்கத்துக்கு அது வரத் தடை. அதனால் இந்தக் கிருமி கொழும்பிலோ கண்டியிலோ இருந்தால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, வன்னியில் இருந்தால் சாப்பாடு.

குழாய்க்குள் கிருமி சும்மா கிடந்து சாகாமல் இருக்காது. கொஞ்ச நாளுக்கு ஒருமுறை அதைப் புதிய கடற்பாசிக் கூழுக்கு மாற்ற வேண்டும். அந்தக் கூழும் அதற்குப் போடும் சாமான்களும் கொழும்பிலிருந்து வவுனியா தாண்டி வரவேண்டும். வெள்ளைத் தூள் எதைக் கண்டாலும் சோதனைச் சாவடியில் கொட்டிவிடுவார்கள். அனுமதிக் கடிதம் வேண்டும். அனுமதிக் கடிதத்துக்கு ஒரு காரணம் வேண்டும்.

அந்தக் காரணமாகத்தான் உதவிநிதி வந்தது. ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்ததைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நிதி அது. அரசாங்க அதிபரின் கச்சேரி வழியாக விண்ணப்பம் வந்தபோது, நாங்கள் இருவரும் கதிரை இல்லாமல் நெல் மூட்டையில் இருந்து அதை நிரப்பினோம். சந்தையில் உங்கள் பொருளின் பிரதான போட்டியாளர் யார் என்று ஒரு கேள்வி. சேர் யோசித்துவிட்டு, யூரியா என்று எழுதினார். போட்டியாளரின் தற்போதைய நிலை என்ன என்று அடுத்த கேள்வி. இப்பகுதிக்குள் வர அனுமதியில்லை என்று எழுதினார். நான் வயிறு நோகச் சிரித்தேன். கொழும்பில் யாரோ அதைப் பெரிய வியாபார வாய்ப்பென்று எடுத்துக்கொண்டார்கள் போலும், முதல் தவணை கிடைத்துவிட்டது.

அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. பொருளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலைக்கு விற்க வேண்டும். விவசாயிகள் வாங்கிப் பாவித்துப் பலன் கண்டார்கள் என்று காட்டினால்தான் இரண்டாம் தவணை. இரண்டாம் தவணை இல்லையென்றால் அனுமதிக் கடிதமும் இல்லை. கடிதம் இல்லையென்றால் கூழ் இல்லை. கூழ் இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கிற கிருமி அத்தோடு சரி. வள்ளத்தில் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தது எல்லாம் ஒரு போகத்துக் கச்சானில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில்காலச் சிறுபோகத்துக்கு முன்னர் வேலை தொடங்கினோம். உமிக்கரியைப் பிரஷர் குக்கரில் விறகடுப்பில் அவித்துக் கிருமி நீக்கினோம். ஆறியதும் எங்கள் கிருமியைக் கலந்து பொலித்தீன் பைக்கற்றில் இட்டு, வாயை மெழுகுதிரிச் சுவாலையில் ஒட்டினோம். என் விரல் நுனிகள் எல்லாம் கொப்புளம். பைக்கற்றில் "கச்சான் உயிர் உரம்" என்று கையால் சுற்றும் றோணியோ அச்சில் ஒரு துண்டு. கஞ்சியில் குழைத்து விதையில் பிரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்கவும். ஒரு மாதத்துக்குள் பாவிக்கவும். இவ்வளவையும் தெளிவாகப் போட்டிருந்தோம். கூட்டுறவுச் சங்கக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் பைக்கற்றை ஆட்டிப் பார்த்து, பல்லு மினுக்க நல்லாயிருக்கும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சனம் காசு கொடுத்து வாங்காது என்று நான் உறுதியாக நினைத்திருந்தேன். நிவாரணத்துக்கு வரிசையில் நின்று பழகிய சனம், கறுப்புத் தூளுக்குக் காசு கொடுக்குமா? ஆனால் யூரியாவுக்குப் பதிலாக ஒரு சாமான் வந்திருக்கிறது என்று கதை பரவியதும் சங்கக்கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. இருந்தது எல்லாம் முடிந்துவிட்டது. பின்னேரம் கடைக்காரர் ஆள் அனுப்பி இன்னும் இருக்கோ என்று கேட்டார். சேர் அன்றைக்கு முகச்சவரம் செய்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு குளக்கட்டில் உலாவப் போனார். அவர் பாட்டு முணுமுணுத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கும் சந்தோசம் தாங்க முடியவில்லை.

கச்சான் பூக்கும் பருவத்தில் நாங்கள் இருவரும் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போனோம். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி முடிச்சைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். முதல் தோட்டத்தில் முடிச்சு மிகக் குறைவு, இருந்ததும் வெள்ளை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் இலைகள் மஞ்சளாகச் சோர்ந்து நின்றன. சேர் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்.

"அவிச்சது போதாதோ பிள்ளை? கலக்கேக்கை சூடா இருந்ததோ? செத்துப்போச்சுதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்கு அடுத்தது ஒரு மலையகத்து அம்மாவின் வீடு. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறி, அங்கிருந்து நெடுங்கேணி, அங்கிருந்தும் எழும்பி இங்கே வந்த குடும்பம். சங்கக்கடை வரிசையில் முதலாவதாக நின்றவர் அவர்தான். அவருடைய தோட்டத்திலும் வேர்கள் வெறுமை. உயிர் உரம் போட்டீர்களா என்று நான் கேட்டதும் முகம் மலர்ந்து வீட்டுக்குள் கூப்பிட்டார். மூலையில் ஒரு இரும்பு றங்குப் பெட்டி. பூட்டைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சவர்க்காரம், ரோர்ச் பற்றரி, பனடோல் அட்டை, இவற்றுக்குக் கீழே ஒரு சீலைத் துண்டில் சுற்றி எங்கள் பைக்கற்.

"பத்திரமா வச்சிருக்கேன் மிஸ். ஒண்ணும் ஆகல, பாருங்க."

நான் பைக்கற்றைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். "ஏனம்மா போடேல்லை? ஒரு மாசத்துக்குள்ள போடச் சொல்லி எழுதியிருக்கெல்லோ?"

"தேதியெல்லாம் யாரு மிஸ் பாக்குறா? ஆஸ்பத்திரியில தேதி முடிஞ்ச மாத்திரைய முழுங்கித்தானே எங்க புள்ளைக்குக் காய்ச்ச விட்டுச்சு."

"அது மாத்திரையம்மா. இது உயிர். செத்துப்போகும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "நாங்க எத்தன எடத்துல வெதச்சுட்டு அப்பிடியே விட்டுட்டு வந்தோம். மண்ணுல போட்டா மண்ணோட போயிடும் மிஸ். பையில இருந்தா நம்ம கூட வரும்."

சேர் வாசலில் நின்றவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

பிறகு போன வீடுகளில் நாங்கள் தோட்டத்துக்குப் போகவேயில்லை. நேரே பைக்கற்றைக் கேட்டோம். அலுமாரியில் இருந்தது, குசினிப் பரணில் இருந்தது, அரிசிப் பானைக்குள் புதைத்து இருந்தது. ஒருவர் மழைக்காலத்துக் காலபோக நெல்லுக்குப் போட வைத்திருந்தார். நெல்லுக்கு இது ஒன்றும் செய்யாது என்று சொன்னபோது, இருக்கட்டும் என்றார். கிடைக்காத சாமான் கிடைத்தால் பாவிக்கக் கூடாது, வைத்திருக்க வேண்டும். பற்றரியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் எங்களுக்குப் பழக்கிவிட்ட புத்தி அது. என் தாயும் அப்படித்தான், நானும் அப்படித்தான். வாங்கினவர்களைத் திட்டத் தொடங்கிய எனக்கு, என் கைப்பையில் அந்த வருடம் முழுவதும் உரிக்காமல் கிடந்த வாசனைச் சவர்க்காரம் நினைவுக்கு வந்தது. திட்டுவதை நிறுத்தினேன்.

ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் செடிகள் கரும்பச்சையாக நின்றன. குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு விதவைப் பெண்ணின் காணி அது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. கிள்ளினால் சிவப்பு. சேர் அந்த வேரைக் கழுவிக் கழுவிப் பார்த்தார்.

"நீங்கள் மட்டும் எப்பிடி அக்கா போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அந்த அக்கா வெட்கப்பட்டார். "எலி கடிச்சுப் போட்டுது தங்கச்சி. பை ஓட்டை. இனி வைச்சிருந்து என்ன செய்யிறது எண்டு விதையோட பிரட்டிப் போட்டன்."

அறிக்கை எழுதும் நாள் வந்தது. எல்லாம் விற்றது உண்மை. பாவித்துப் பார்த்த இடத்தில் பலன் இருந்ததும் உண்மை. நடுவில் உள்ளதைக் கொஞ்சம் பூசி மெழுகினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. சேரிடம் கெஞ்சினேன்.

"எல்லாரும் பாவிச்சவை எண்டு எழுதுங்கோ சேர். ஆர் இஞ்ச வந்து பாக்கப் போகினம்?"

"நான் பாத்தனான் பிள்ளை."

"கிருமி செத்துப்போகும் சேர்."

"தெரியும்."

அவர் பேனையை எடுத்தார். விற்றது முழுவதும், பாவித்தவர் ஒருவர் என்று எழுதினார். ஏன் பாவிக்கவில்லை என்ற இடத்தில், நிலத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை என்று எழுதினார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் பேசவில்லை.

பதில் வர மழைக்காலம் நெருங்கிவிட்டது. விற்பனை குறித்து மகிழ்ச்சியாம். ஆனால் ஒரு தோட்டத்தின் பலனை வைத்துப் பொருள் நிரூபிக்கப்பட்டதாக எடுக்க முடியாதாம். விவசாயிகளிடையே விழிப்புணர்வை வளர்த்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். விழிப்புணர்வு! விடியும்வரை பீரங்கிச் செல்லடிக்கு விழித்திருக்கிற சனத்துக்கு விழிப்புணர்வு. அந்தக் கடிதத்தை நான் கசக்கி எறிந்தேன். சேர் எடுத்து நீவி மடித்து வைத்தார்.

கையிலிருந்த கூழ் முடிந்தது. பருப்பு அவித்த தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார், அரிசிக் கஞ்சியில் வளர்த்துப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்தான் வந்தது. குழாய்க்குள் பழைய கூழ் சுருங்கி வெடித்தது. ஒருநாள் காலையில் நான் போனபோது அவர் குழாய்களை எல்லாம் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்குக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதை பிள்ளை. அந்த எலி கடிச்ச காணியில இருக்கு. அவா காலபோகத்துக்கும் அதே மண்ணிலதான் கச்சான் போட்டிருக்கிறா. அந்த வேரில ஒரு முடிச்சு போதும் எனக்கு. கூழ் கிடைக்கிற நாளில கிள்ளி எடுத்துத் திரும்ப வளத்துப்போடுவன்."

அந்தக் காணியை நாங்கள் இருவரும் கோயில் மாதிரிப் பார்க்கப் போய்வந்தோம். கச்சான் பூத்தது, காய் இறங்கியது. பிடுங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஒட்டுசுட்டான் பக்கமிருந்து செல் வரத் தொடங்கியது. ஒரு காலையில் ஊர் முழுவதும் மழைக்குள் வெளிக்கிட்டது.

புதுக்குடியிருப்புக்குப் போகும் பாதையில் சனம் முட்டி மோதிக்கொண்டு நடந்தது. எலி கடித்த பைக்கற்றின் அக்கா எங்களுக்கு முன்னால் போனார். அநியாயமாய்ப் போச்சு, பிடுங்காமல் வந்திட்டன் என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டு போனார். சேர் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். மழையில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய தோளில் அதே சுடுதண்ணிப் போத்தல் தொங்கியது. அது வெறும் போத்தல் என்று எனக்குத் தெரியும். குடாநாட்டிலிருந்து வந்ததைவிட வெறுங்கையாக அவர் அன்றைக்கு நடந்தார்.

பின்னேரம் ஒரு பாடசாலைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அங்கே அந்த மலையகத்து அம்மாவும் குடும்பத்தோடு நின்றார். சைக்கிள் கரியரில் கட்டியிருந்த றங்குப் பெட்டி ஒன்றைத் தவிர அவர்களிடம் வேறு சாமான் இல்லை. அரிசி மூட்டையைச் சேற்றில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். எங்களைக் கண்டதும் பெட்டியை இறக்கிப் பூட்டைத் திறந்து, சீலைத் துண்டை அவிழ்த்து, பைக்கற்றைச் சேரின் கையில் வைத்தார். ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்கவில்லை.

"நான் சொன்னேன்ல ஐயா, நம்ம கூட வரும்னு. உங்க சாமான் எல்லாம் போயிருக்குமே. நீங்க வச்சுக்கங்க."

சேர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெயில் காலம் முழுவதும் தகரக் கூரைக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் வெந்த தூள் அது. உள்ளே ஒரு கிருமிகூட மிஞ்சியிராது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் வேல செய்யுங்களா ஐயா?"

நான் சேரின் முகத்தைப் பார்த்தேன். இரண்டாம் தவணைக்காக ஒரு வரி பொய் எழுத மறுத்தவர்.

"ஓமம்மா, செய்யும்" என்றார். "நல்லா வைச்சிருக்கிறியள். நீங்களே வைச்சிருங்கோ. காணி கிடைச்ச உடன போடுங்கோ."

பொய் எழுதச் சொல்லிக் கெஞ்சிய நான் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். அந்த அம்மா சந்தோசமாகப் பைக்கற்றை வாங்கி, பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.